பாட்டியின் பெட்டி யாருடைய பெட்டி? பழைய நினைவை விற்கும் துணி வியாபாரத்தின் கணக்கு

ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கொச்சி கலூர் மெட்ரோ நிலையத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கீழே போகும் பஸ்ஸின் பின்பக்கம், எதிர்க் கட்டடத்தின் உச்சி, கையில் இருக்கும் போன் என எங்கே திரும்பினாலும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். வெள்ளைச் சேலை, தங்கக் கரை, மல்லிகைப் பூ, பின்னால் ஒரு பழைய ஓட்டு வீட்டின் திண்ணை. பாட்டி ஒருவர் மரப்பெட்டியைத் திறக்கிறார். உள்ளே மடித்து வைத்த சேலை. பேத்தி அதை எடுத்து முகத்தோடு வைத்துக்கொள்கிறாள். கடைசி இரண்டு நொடியில் கடையின் பெயர் வருகிறது.

அதே வாரம் காக்கநாட்டு ஐ.டி. அலுவலகங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வரும்: வெள்ளிக்கிழமை ஓணக் கொண்டாட்டம், பெண்களுக்குக் கசவு, ஆண்களுக்கு முண்டு. இங்கே வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களில் பலருக்கு அப்போதுதான் நம்மிடம் கசவு இல்லையே என்று உறைக்கும். கலூரில் இருந்து எம்.ஜி. ரோடு இரண்டாவது நிறுத்தம். அங்கே ஜவுளிக்கடைக்குப் பஞ்சமே இல்லை.

நானும் அப்படிப் போயிருக்கிறேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு சேலைகளை மேஜையில் விரித்துப் போட்டார்கள். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல ஐந்து மடங்கு. என்ன வித்தியாசம் என்று கேட்டால் "அது டிரடிஷனல்" என்று பதில் வந்தது. எது டிரடிஷனல், யாருடைய டிரடிஷன், அந்தக் கூடுதல் காசு யாருக்குப் போகிறது என்பதற்கு அங்கே பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

ஏக்கம் எப்போது வியாபாரம் ஆனது?

ஆங்கிலத்தில் "நாஸ்டால்ஜியா" என்கிறோமே, அந்தச் சொல் கவிதையில் பிறந்ததில்லை, ஆஸ்பத்திரியில் பிறந்தது. 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்கு வரும் ஒரு நோய்க்கு வைத்த பெயர் அது. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அதாவது அது முதலில் இடத்தைப் பற்றிய ஏக்கம். காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறியது பிறகுதான்.

விற்பவர்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது? 2014-இல் "ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்" இதழில் லாசலெட்டா, செடிகிடிஸ், வோஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய நினைவுகளில் மூழ்கவைக்கப்பட்டவர்கள், மற்றவர்களைவிடப் பொருளுக்கு அதிக விலை தரத் தயாராக இருந்தார்கள். பழைய நினைவு, உறவுகளோடு சேர்ந்து இருக்கிறோம் என்ற உணர்வைத் தருகிறது. அந்த உணர்வு வந்ததும், பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை தளர்ந்துவிடுகிறது. பாட்டியும் பெட்டியும் விளம்பரத்துக்கு வந்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு படி மேலே போய்ச் சொன்னவர் அர்ஜுன் அப்பாதுரை. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயரின் மகன். 1996-இல் வந்த "மாடர்னிட்டி அட் லார்ஜ்" நூலில் விளம்பரங்களையும் தபால்வழி விற்பனைக் கேட்டலாக்குகளையும் எடுத்துக்கொண்டு அவர் வைக்கும் வாதம் இதுதான்: இன்றைய சந்தை, ஏற்கனவே இருக்கும் ஏக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதோடு நிற்பதில்லை. நம்மிடம் ஒருபோதும் இல்லாத ஒன்றை இழந்துவிட்டதாக நம்மை நினைக்கவைக்கிறது.

"நம்மிடம் இல்லாததை இழந்துவிட்டதாக" என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி விஷயத்துக்கு அது தேவைப்படும்.

கேட்டலாக் கற்றுக்கொடுத்த பாடம்

இதை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தது அமெரிக்காவின் தபால்வழி வியாபாரம். 1872-இல் சிகாகோவில் மான்ட்கோமரி வார்டு ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு கிராமங்களுக்கு அனுப்பினார். பிறகு வந்த சியர்ஸ் அதைத் தலையணை தடிமனுக்குக் கொண்டுபோய், 1993-இல் அந்தப் பெரிய கேட்டலாக்கை நிறுத்தியது. அந்தக் காலத்துக் கேட்டலாக்கின் பலம் விலைதான். உங்கள் ஊர்க் கடையைவிடக் குறைவு, வீட்டுக்கே வரும், அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறை விற்றது விலையை அல்ல, வாழ்க்கையை. 1978-இல் தொடங்கிய பனானா ரிபப்ளிக், சஃபாரிப் பயணக் கதைகளோடு கேட்டலாக் போட்டுத் துணி விற்றது. 1983-இல் கேப் நிறுவனம் அதை வாங்கியது. அதே ஆண்டு ஜே. க்ரூ தன் முதல் கேட்டலாக்கை வெளியிட்டது. ஏரிக்கரை வீடு, படகு, நனைந்த தலைமுடி, மூன்று தலைமுறையாகப் பணம் பார்த்த குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை. இதில் வேடிக்கை என்னவென்றால் ஜே. க்ரூ என்று ஒரு ஆளே கிடையாது. படகுப் போட்டிக் குழுவைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் அழகுக்கு ஓர் எழுத்து சேர்த்து உருவாக்கிய பெயர் அது. பரம்பரையை வாங்க முடியாதவர்களுக்குப் பரம்பரையின் சட்டையை விற்றார்கள்.

ஜே. க்ரூ 2020 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஆனால் 2024-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? 2017-இல் கைவிட்ட அச்சுக் கேட்டலாக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லாமே போனில் வந்துவிட்ட காலத்தில் காகிதமே ஒரு பழைய நினைவாகிவிட்டது. பொருளை விற்ற கேட்டலாக், இப்போது தானே ஏக்கப் பொருள்.

நம்ம ஊரில் இதற்குச் சமமானது என்ன? வி.பி.பி. என்று ஒன்று உண்டு. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் போட்டால், தபால்காரர் பொருளோடு வருவார், அவரிடமே காசு கொடுக்கலாம். இன்றைய "கேஷ் ஆன் டெலிவரி"யின் கொள்ளுத்தாத்தா. ஆனால் துணிக்கு உண்மையான கேட்டலாக், சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்த தவணைக்காரர்தான். திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார், தெருவே கூடும். வாரம் இவ்வளவு என்று அட்டையில் எழுதிக்கொண்டு போவார். என் பாட்டி வாங்கிய சேலைகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவை. சின்னாளப்பட்டி, சுங்குடி, அப்புறம் எப்போதாவது ஒரு நைலக்ஸ். அவர் பெட்டியில் கசவு இருந்ததே இல்லை. எந்த விளம்பரத்திலும் தவணை அட்டையும் வருவதில்லை.

சாயம் போனதையே விற்ற கதை

நம் மண்ணிலிருந்து போன துணி அமெரிக்க ஏக்கமாக மாறிய கதை ஒன்று இருக்கிறது. அதன் நாயகன் கேரளாவின் கண்ணூர்க்காரர், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டியவர், 2014-இல் காலமானார். ஹோட்டலுக்கு முன்பு அவர் செய்தது கைத்தறித் துணி, லேஸ் ஏற்றுமதி.

அவர் பல முறை சொன்ன கதை இது. 1958-இல் அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன் இந்தியா வந்தார். மெட்ராஸில் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணியைப் பார்த்தார். கெட்டியான நிறங்கள், லேசான எண்ணெய் வாசம். கஜம் ஒரு டாலர் என்று 10,000 கஜம் பேசி முடித்தார்கள். நாயர் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தாராம்: இதைக் குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும். 1818-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸுக்குத் துணியைக் கைமாற்றும்போது, ஜேக்கப்சன் அந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கோட்டும் கால்சட்டையும் தைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட்டார்கள். நிறம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது.

சாதாரணமாக இந்தக் கதை வழக்கு, நஷ்டஈடு என்று முடிந்திருக்கும். ஆனால் அது விளம்பரமாக மாறியது. "செவன்டீன்" இதழில் இந்த அதிசயத் துணியைப் பற்றிக் கட்டுரை வந்தது. சாயம் போவது குறை இல்லை, அதுதான் இந்தத் துணியின் குணம், ஒவ்வொரு துவைப்பிலும் உங்கள் சட்டை உங்களுக்கே உரிய சட்டையாக மாறும் என்று சொன்னார்கள். "பிளீடிங் மெட்ராஸ்" என்ற பெயர் நிலைத்தது. கல்லூரி மாணவர்கள் தேடி வாங்கினார்கள். மங்கிய மெட்ராஸ் சட்டை, பல கோடைகளைப் பார்த்த குடும்பத்துச் சொத்து போலத் தோன்றியது. பிறகு வந்த கேட்டலாக் உலகம் அந்தத் தோற்றத்தை ஆண்டுதோறும் அச்சிட்டது.

இதில் நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். அந்தக் கட்டம் நமக்கு என்ன? கைலி. கடற்கரையிலும் வயலிலும் லாரி ஸ்டியரிங் பின்னாலும் கட்டியது. பழவேற்காட்டில் இருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி, மலாய் மொழியில் இன்றும் "காயின் பெலிகாட்" என்றே அழைக்கப்படுகிறது. பெலிகாட் என்பது பழவேற்காடுதான். நைஜீரியாவின் கலபாரி மக்களுக்கு அதே குடும்பத்துத் துணி, பிறப்பு முதல் இறப்பு வரை சடங்குகளில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று.

ஒரே கட்டம் ஓர் ஊரில் உழைப்பாளியின் உடை, ஓர் ஊரில் சடங்கின் உடை, ஓர் ஊரில் பணக்காரக் கோடையின் நினைவு. துணி மாறவில்லை, அதைச் சுற்றிய கதைதான் மாறியது. விலையை முடிவு செய்தது கதை. 1996-இல் நகரத்தின் பெயர் சென்னை ஆனது. ஆனால் உலகத் துணிக்கடைகளில் "மெட்ராஸ்" இன்னும் இருக்கிறது, ஓர் ஊரின் பெயராக இல்லை, ஒரு டிசைனின் பெயராக. அந்த டிசைன் எங்கே வேண்டுமானாலும் நெய்யப்படலாம்.

கசவை நெய்தது யார்?

இப்போது எம்.ஜி. ரோடு மேஜைக்குத் திரும்புவோம். கசவு என்றால் மலையாள அடையாளம். சரி. ஆனால் நெய்தவர்கள் கதை கொஞ்சம் சுற்று வழி.

திருவனந்தபுரம் பக்கத்துப் பாலராமபுரம் கசவுக்குப் பேர்போனது. இன்றும் குழித்தறியில் நெய்யும் ஊர். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், அதாவது சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள்தான் அங்கே நெசவைத் தொடங்கிவைத்தன. திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளியில் நெய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து வந்த தேவாங்கர்கள். ஆக, மலையாளத் தறவாட்டின் அடையாளமாகப் போற்றப்படும் துணியில் தமிழ்க் கையும் கன்னடக் கையும் உண்டு. கொச்சியிலேயே இன்னோர் உதாரணம்: ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் தோபி கானாவில் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுப்பவர்கள் தலைமுறைகளாக இங்கேயே வாழும் தமிழர்கள். வெள்ளை முண்டின் மொடமொடப்புக்குப் பின்னாலும் தமிழ்க் கை இருக்கிறது.

விளம்பரப் படத்தில் இந்த இடப்பெயர்வு எதுவும் வராது. அங்கே எல்லாமே காலங்காலமாக அங்கேயே இருந்ததுதான்.

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. அந்தப் பெட்டியைத் திறக்கும் பாட்டி யார்?

திருவிதாங்கூரில் யார் எந்தத் துணியை எப்படிக் கட்டலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்கப் போராட வேண்டியிருந்தது. தெருவில் தாக்கப்பட்டார்கள், துணி உருவப்பட்டது. 1859 ஜூலையில் அரசு ஆணை வந்தபோதும், அவர்கள் உடம்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இந்தப் போராட்டம் நடந்த ஊர்களில் பல, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன.

அதாவது, இன்று "நம் பாட்டிகளின் உடை" என்று பொதுவாகச் சொல்லப்படுவது, அன்று பல பாட்டிகளுக்கு மறுக்கப்பட்ட உரிமை. அவர்களுடைய பேத்திகள் இன்று ஓணத்துக்குக் கசவு கட்டுகிறார்கள். நல்லதுதான். தடுக்கப்பட்ட உடையைத் தன் காசில் வாங்கி விருப்பப்படி கட்டுவது வெற்றிதான். ஆனால் அது நினைவு அல்ல, புதிதாகப் பெற்றது. அப்பாதுரை சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. இல்லாத பெட்டியை இருந்ததாகக் காட்டும்போது, அது ஏன் இல்லை என்ற வரலாறு துடைக்கப்பட்டுவிடுகிறது.

உடைக்கும் மரியாதைக்கும் உள்ள சம்பந்தம் பழைய கதை மட்டுமில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. வேட்டிக்காகப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டியின் மீதான பற்று வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது சாட்சி. ஏக்கத்துக்குள் உண்மையான மானப் பிரச்னையும் இருக்கிறது. விளம்பரம் அதைத்தான் கடன் வாங்குகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

பழைமையின் விலை ஏறுகிறது என்றால் நெசவாளர்கள் நன்றாக இருக்க வேண்டும் இல்லையா? நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பை (2019–20) எடுத்துப் பார்ப்போம்.

நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35.22 லட்சம். முந்தைய கணக்கெடுப்பில் (2009–10) 43.31 லட்சம். பத்து ஆண்டில் 8 லட்சம் பேர் குறைவு, கிட்டத்தட்ட 19 சதவீதம். இருப்பவர்களில் 72 சதவீதம் பெண்கள்.

வருமானம்? நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்து வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 192 ரூபாய். அதே 2019–20-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி தமிழ்நாட்டில் 229 ரூபாய், கேரளாவில் 271 ரூபாய். பல தலைமுறைத் திறமைக்குக் கிடைக்கும் வருமானம், மண் வெட்டும் கூலிக்கும் கீழே.

இந்தக் கணக்கெடுப்பு முடிந்த பின், 2020 ஜூலையில் மத்திய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் கலைத்தது. 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில்தான் முதல் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். கொண்டாட ஒரு நாள் கிடைத்தது, குரல் கொடுக்க இருந்த ஓர் அமைப்பு போனது.

அப்படியென்றால் ஏறிய விலை எங்கே போகிறது? ஒரு பகுதி கடை வாடகை, விளம்பரம், நடிகர் சம்பளம். இன்னொரு பகுதி, கைத்தறிக் கதையைச் சொல்லி விசைத்தறித் துணியை விற்பதில். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி உட்பட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட நெசவுத் தன்மைகளோடு கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-லேயே சட்டம் இருக்கிறது. 1993-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இருந்தும் ஈரோடு, சேலம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்த கசவுச் சேலைகள் ஓணச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருவது எல்லோருக்கும் தெரிந்தது.

இதில் விசைத்தறிக்காரரை வில்லன் ஆக்கிவிடக் கூடாது. அவரும் மின்கட்டணம், நூல் விலை என்று திணறும் தொழிலாளிதான். 800 ரூபாய்க்குத் தன் சேலை விசைத்தறி என்று சொல்லியே விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. பாட்டி கதையைச் சேர்த்து அதையே கைத்தறி விலைக்கு விற்பதுதான் தப்பு.

ஒரு சேலை, 360 பொம்மை

கதை சொல்லி விற்பதே ஏமாற்று என்று முடிவுகட்டவும் முடியாது. கலூரில் இருந்து வடக்கே போனால் வடக்கன் பறவூர் பக்கத்தில் சேந்தமங்கலம். கைத்தறிக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தறிகள் மூழ்கின. ஓணத்துக்காக நெய்து அடுக்கிவைத்த சேலைகளும் முண்டுகளும் சேற்றில் நாசமாயின. ஆண்டின் பெரிய வருமானமே அதுதான்.

அப்போது லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தக் கறைபடிந்த துணிகளை வாங்கிச் சுத்தம் செய்து, சின்னப் பொம்மைகள் செய்யும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். பெயர் சேக்குட்டி, சேற்றின் குழந்தை. விலை 25 ரூபாய். ஒரு சேலையில் 360 பொம்மை. கணக்குப் போடுங்கள்: 9,000 ரூபாய். அந்தச் சேலை நல்ல நிலையில் விற்றிருந்தால் கிடைத்திருப்பது சுமார் 1,300 முதல் 1,500 ரூபாய்.

இங்கேயும் விற்றது கதைதான். மெட்ராஸ் துணியில் சாயம் போனதை விற்றது போலவே இங்கே கறையை விற்றார்கள். ஒரே வித்தியாசம்: கறை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை, கூடுதலாக வந்த காசு நெசவாளர் சங்கத்துக்குத் திரும்பியது. கதை உண்மையா, காசு கதையின் சொந்தக்காரருக்குப் போகிறதா? நினைவை விற்கும் எந்த வியாபாரத்தையும் அளக்க இந்த இரண்டு கேள்விகள் போதும்.

1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் 2010-களில் செய்த ஒரு காரியமும் இந்த வழியில்தான். பட்டுச் சேலையோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்தார்கள். கற்பனைப் பாட்டிக்குப் பதில் நிஜ நெசவாளர். ஆனால் பெயர் அட்டை மட்டும் அடுப்பெரிக்காது. தொடர்ந்து வேலை வேண்டும். அதைக் கொடுப்பது பெரும்பாலும் ஏக்கம் அல்ல, ஆர்டர். தமிழ்நாட்டில் 1983-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும், கேரளாவில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கான கைத்தறிச் சீருடைத் திட்டமும் எந்த ரீல்ஸிலும் வராதவை. ஓணம் முடிந்த பிறகும் தறி ஓட வைப்பவை அவைதான்.

வாங்கும்போது என்ன கேட்கலாம்?

அடுத்த முறை "டிரடிஷனல்" என்று யாராவது சொன்னால் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, கைத்தறி முத்திரை இருக்கிறதா? "ஹேண்ட்லூம் மார்க்" 2006-இல் இருந்து இருக்கிறது. பட்டு என்றால் "சில்க் மார்க்". ஆனால் சில்க் மார்க் தூய பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், கைத்தறி என்பதற்கு இல்லை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டு, எந்த ஊர்? பாலராமபுரம், சேந்தமங்கலம், குத்தாம்புள்ளி, காஞ்சிபுரம், மதுரை சுங்குடி, காரைக்குடி கண்டாங்கி எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. "கேரளா ஸ்டைல்", "காஞ்சி டைப்" என்று எழுதியிருந்தால் அது ஊரின் பெயர் இல்லை, சாயலின் பெயர்.

மூன்று, கரை ஓரத்தைப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் அகலமாக இழுத்துப் பிடிக்க நெசவாளர் ஓரத்தில் குத்தும் ஊசியின் சின்னச் சின்னத் துளைகள் கைத்தறியில் வழக்கமாகத் தெரியும். இது முழு உறுதி இல்லை, துளையையும் போலி செய்கிறார்கள். ஆனால் முதல் துப்பு.

நான்கு, யாரிடம் வாங்குகிறீர்கள்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ், கேரளாவின் ஹான்டெக்ஸ், ஹான்வீவ் போன்ற இடங்களில் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

நான்குக்கும் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள், துணிக்கு உரிய விலையில். பாட்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எம்.ஜி. ரோட்டில் அன்று நான் இரண்டையுமே வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பறவூர் பஸ் ஏறி ஒரு நெசவாளர் சங்கக் கடைக்குப் போனேன். வெள்ளையில் ஒரு மெல்லிய நீலக் கரை, கசவு இல்லாதது. பில்லில் சங்கத்தின் பெயரும் ஊரும் இருந்தன. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அதைக் கட்டிக்கொண்டு போனபோது, "வீட்டில் பழசா?" என்று ஒரு தோழி கேட்டார். "இல்லை, போன வாரம் வாங்கினது" என்றேன்.